சேவல் கொத்திய ஸ்பீக்கர்

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ் பாகாலா தாண்டியதும் பக்கத்து சீட் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தாலிச் சங்கிலி என் மடியில் இருந்த துண்டுப் பொட்டலத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

சரியாகச் சொன்னால் தாலி ஒட்டவில்லை. அதில் மாட்டியிருந்த ஊக்குகள் ஒட்டின. பெரியது, சின்னது, வளைந்தது என்று ஒரு ஊக்குக் குடும்பமே அந்தச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் பிரேக் போட்டார். அம்மா நிமிர்ந்தார். சங்கிலி வரவில்லை.

"இன்னா பொண்ணே இது, என் தாலியைப் புடிச்சு இழுக்குது?"

"ஸ்பீக்கர்மா. பழைய ரேடியோ ஸ்பீக்கர். அதுல காந்தம் இருக்கு."

"காந்தம் இரும்பைத்தானே இழுக்கும்? இது பவுனாச்சே!"

"ஊக்கு இரும்புதானேமா."

அம்மா ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார். எடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. "நல்லாச் சொன்ன போ. எங்க ஆசாரி ஏமாத்திட்டானோன்னு ஒரு நிமிஷம் உயிரே போயி வந்துச்சு."

முன்னால் இருந்த நாலு பேர் திரும்பிச் சிரித்தார்கள். கண்டக்டர் சும்மா இருப்பாரா? பெண்களுக்கெல்லாம் டிக்கெட் இல்லை, சரி, ஆனால் காந்தத்துக்கு யார் டிக்கெட் எடுப்பது என்று தெலுங்கில் கேட்டார். வடமாலப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போகிற அந்த அம்மா, அதுவும் பொம்பளைதான் போல, நகை போட்டவங்களைப் பார்த்தா விடமாட்டேங்குது என்று பதில் சொன்னார். திருப்பதி வருகிற வரைக்கும் பஸ்ஸில் என் பொட்டலத்தைப் பற்றித்தான் பேச்சு.

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த, கல்லூரி லேபில் நான் ஃபியூஸைப் பறக்கவிட்ட கதையைப் படித்துவிட்டு, இந்த ரேடியோப் பைத்தியம் உங்களுக்கு எங்கே பிடித்தது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எங்கே பிடித்தது என்று எனக்கே தெரியாது. எங்கே முற்றியது என்று மட்டும் தெரியும். அந்தப் பஸ்ஸில்தான். அது ஒரு திங்கட்கிழமைக் காலை. எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைதான் கெடு இருந்தது.

ஏலத்துக்கென்றே பிறந்த பெட்டி

கெடு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் சித்தூரில் எங்கள் சர்ச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு நாள். வீட்டில் விளைந்ததை, வளர்ந்ததை, சும்மா கிடப்பதை எல்லாரும் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு குடும்பங்கள் மல்லுக்கட்டும். எடுத்தவர் அதைக் கையில் வாங்கிக் காட்டிவிட்டு, "திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துட்டேன்" என்பார். மறுபடி ஏலம் போடுவார்கள். அதே பூசணிக்காய் ஒரே மத்தியானத்தில் மூன்று வீட்டுக்குச் சொந்தமாகி, ஒரு வீட்டுக்கும் போகாமல் பந்தலிலேயே இருக்கும். வருமானம் கோயிலுக்கு. பெருமை அவரவருக்கு.

இந்த ஏற்பாட்டில் வசமாக மாட்டிக்கொண்டது ஒரு வால்வு ரேடியோ. தேக்குப் பெட்டி, வெண்ணெய் நிறக் குமிழ்கள், நடுவில் பச்சையாக எரிகிற ஒரு கண். யார் வீட்டிலிருந்து முதலில் வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. யாரோ எடுப்பார்கள். மனைவி முறைப்பாள். அடுத்த வருஷம் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நான் சண்டே ஸ்கூல் போன காலத்திலிருந்து அதை ஏல மேஜையில் பார்த்திருக்கிறேன். யார் வீட்டிலும் பாடிப் பார்த்ததில்லை.

பாடாததற்குக் காரணம் ஒரு சேவல்.

பாடகர் குழுத் தலைவர் ஒருவர் ஒரு வருஷம் இதை எடுத்தார். உள்ளே ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருப்பதைப் பார்த்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் காகிதம் ஒட்டுகிறவர் அல்லவா? அதே மைதாப் பசையைக் காய்ச்சி, கூம்பின் பின்பக்கம் தாராளமாகத் தடவி, காகிதம் ஒட்டிவிட்டார். ஒட்டு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வீட்டுக்காரம்மாவுக்கு அந்தப் பெட்டி வேண்டாம். அடுத்த பண்டிகையில் அது மேஜைக்கு வந்தது. பின்பலகை எப்போதோ தொலைந்து போயிருந்தது. யாரோ காணிக்கையாகக் கொண்டுவந்த சேவலைப் பெட்டிக்குப் பின்னால் கட்டினார்கள். உள்ளே ஜெபம் நீளமாகப் போயிற்று. வெளியே வந்து பார்த்தால், சேவல் மைதாவை மிச்சமில்லாமல் தின்று தீர்த்திருந்தது. மைதாவோடு கூம்பையும்.

சேவல் அன்றைக்கு நல்ல விலைக்குப் போனது. ரேடியோவை எடுக்க ஆள் இல்லை.

புதிதாக வந்த போதகர் ஒருவர், ஏலத்தில் எடுத்ததை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார். அவர் அதை அறிவித்தபோது, வழக்கம்போலத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்று எடுத்த ரேடியோ என் அத்தையின் பேரில் இருந்தது. அப்படித்தான் அது எங்கள் அத்தை வீட்டுச் சுவர் அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

தீர்க்கதரிசிக்கு மட்டும் கேட்ட குரல்

சுகந்தி அத்தை என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அக்கா. ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். இன்னும் வார்டில் பேசுகிற குரலில்தான் பேசுவார். "உப்பு எடு" என்று சொன்னால் எதிர்வீட்டிலும் ஒருவர் உப்பை எடுத்துவிடுவார்.

அவருடைய மகன் கிதியோன். கிதி. நானும் அவனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அதனால் எங்களுக்குள் மரியாதை என்ற பேச்சே கிடையாது. திருப்பதியில் பைபாஸ் பக்கம் அவன் ஒரு காபிக் கடை திறக்கப் போகிறான் என்று அப்போது வீடே அமர்க்களமாக இருந்தது.

பஸ் ஏறியதற்கு முந்தின நாள், ஞாயிறு, நான் அத்தை வீட்டில் ரேடியோவைத் திருப்பி வைத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அதுவரை பார்த்த வால்வு ரேடியோக்கள் எல்லாம் வெறும் ஓடு. ஒன்றில் மீன் வளர்த்தார்கள். ஒன்றில் செருப்பு வைத்திருந்தார்கள். இதில் எல்லாம் இருந்தது. சுருள்களின் மேல் தொழிற்சாலையில் ஊற்றிய மெழுகுகூட உடையாமல் இருந்தது. அந்த மைதாப் பசைக் கையைத் தவிர வேறு எவர் கையும் உள்ளே போகவில்லை.

மெதுவாகக் கரண்ட் கொடுத்தேன். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு ஒயரில் என் இயர்ஃபோனை மாட்டிக் காதில் வைத்தேன். குமிழைத் திருப்பினேன். இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல் தெலுங்கில் செய்தி வாசித்தது.

நான் போட்ட சத்தத்தில் அத்தை கரண்டியோடு ஓடிவந்தார். "பேசுது! பேசுது அத்தை!" இயர்ஃபோனை அவர் காதில் வைத்தேன். கரண்ட் போய்விட்டது.

"இன்னாடி பேசுது, எப்சி?" என்றார் அத்தை.

சோபாவில் படுத்திருந்த கிதி எழுந்திருக்கக்கூட இல்லை. "அவளுக்கு மட்டும் கேக்கும்மா. தீர்க்கதரிசிங்களுக்கு அப்படித்தான்."

அவன் திட்டமும் அத்தையின் தீர்ப்பும்

கிதி அந்தப் பெட்டியைக் கடையின் கல்லா மேஜைக்குக் கேட்டிருந்தான். எப்படி என்றால், உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, இரண்டு கார் ஸ்பீக்கரும் ஒரு ப்ளூடூத் போர்டும் வைப்பானாம்.

"ஃபோன்ல பாட்டுப் போட்டா பொட்டி பாடும். வின்டேஜ் லுக்கு. போட்டோ எடுக்கறதுக்கே கும்பல் வரும் பாரு."

"பொட்டி எங்கடா பாடும்? ஃபோன் பாடும். பொட்டி வாயசைக்கும்."

"இப்ப மட்டும் பாடிக்கினா இருக்கு? சேவல் துன்ன மிச்சம் அது."

"ஸ்பீக்கரை மட்டுந்தானே துன்னுச்சு? மீதியெல்லாம் உயிரோட இருக்கு. ஒரு கூம்பை மாத்தினாப் போதும்."

"மாத்திட்டுச் சொல்லு. திங்கக்கெழம என் கடை திறப்பு. நாளைக்கு இல்ல, அடுத்த திங்கள். போதகர் வந்து ஜெபம் பண்றாரு. அன்னைக்கு மேஜை மேல பொட்டி இருக்கணும்."

"குடல உருவிட்டு வெச்சா அது பொட்டி இல்லடா, பொணம்!"

"ஏய், ஏய்!" வார்டு குரல் எழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அத்தை வந்து நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பேர் கட்சியும் இல்லை. அந்த அலமாரியில் ஊறுகாய் ஜாடி வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் தீர்ப்பை முறையாகச் சொன்னார்.

"கேட்டுக்கோங்க. வர்ற ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வரணும். சோத்துல கை வைக்கறதுக்கு முன்னால இது தன் வாயால பேசணும். எனக்குப் புரியறாப்புல பேசணும். பேசிச்சுன்னா எவனும் இதும் மேல கை வைக்கக் கூடாது. பேசலன்னா கிதி தூக்கிக்கினு போயி என்னா வேணா பண்ணட்டும். இன்னொரு தபா இந்தப் பேச்சு என் காதுல விழக்கூடாது."

மறுநாள் காலை ஸ்பீக்கரைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே, ஊக்குக் குடும்பம்.

சாம்பிராணித் தட்டு

திருப்பதியில் நான் வேலை பார்க்கிற கல்லூரியில் அன்றைக்குக் கடைசி வகுப்பு முடிந்த கையோடு மஸ்தான் பாய் கடைக்கு ஓடினேன். கல்யாண ஊர்வலங்களில் தெருவையே அதிரவைக்கிற பெரிய பெரிய ஸ்பீக்கர்களுக்குப் புதுக் கூம்பு ஒட்டுகிற கடை அது. வாசலில் அண்டா அண்டாவாகக் கறுப்பு ஸ்பீக்கர்கள் கவிழ்ந்து கிடக்கும். அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

பாய் என் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"இது ஸ்பீக்கராம்மா? சாம்பிராணித் தட்டுன்னு பார்த்தேன்."

"வால்வு ரேடியோவுது பாய். கோன் போடணும்."

"கோன் எங்க போச்சு?"

"சேவல் தின்னுடுச்சு."

பாய் உள்ளே திரும்பித் தெலுங்கில் தன் தம்பியைக் கூப்பிட்டார். "ஒரேய், எலி கேஸ் பார்த்திருக்கோம், கரப்பான் கேஸ் பார்த்திருக்கோம். வாடா, சேவல் கேஸ் வந்திருக்கு."

இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

"இதைத் தூக்கிப் போடும்மா. நான் ஒண்ணு தரேன். போட்டன்னா ஊரு பூரா கேக்கும்."

"எனக்கு ஊருக்குக் கேக்க வேணாம் பாய். ஒரு அத்தைக்குக் கேட்டாப் போதும்."

அவர் ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் விரலைவிடச் சற்றுத் தடித்த ஒரு குட்டிக் காகிதக் குழல். அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அந்தச் சுருள் காந்தத்தின் நடுவே எதிலும் படாமல் மேலும் கீழும் ஆட வேண்டும். அது ஆடும்போது அதோடு ஒட்டிய கூம்பும் ஆடும். கூம்பு ஆடினால்தான் சத்தம். சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு தலைமுடியை நுழைத்தால் இன்னொரு தலைமுடிக்கு இடமிருக்காது. நல்லவேளையாகச் சேவலுக்கு அந்தச் சுருள் பிடிக்கவில்லை.

"நான் தொட மாட்டேம்மா," என்றார் பாய். "நம்ம வேலைக்குப் பசையே கரண்டியிலதான் எடுக்கறது. இது தும்மினாலே கிழியும்."

ஆனால் சாக்கு மூட்டை ஒன்றைக் கொட்டினார். பழைய டப்பா டிவிக்களிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்கள் பொலபொலவென்று விழுந்தன. முட்டை வடிவம், உள்ளங்கை அகலம், காகிதக் கூம்பு! என் ஸ்பீக்கரும் முட்டை வடிவம்தான். ஒவ்வொன்றாக வைத்து அளந்து பார்த்தேன். ஒன்று பொருந்தியது. அப்படியே பொருந்தியது. நான் அந்த இடத்திலேயே குதித்தேன்.

"இவ்ளோ சந்தோசத்தை நான் கல்யாண வீட்டுல கூடப் பார்த்ததில்ல," என்றார் பாய். கறுப்புப் பசையையும் ஒரு குட்டி டப்பாவில் அடைத்துக் கொடுத்தார்.

வலது முட்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தூர் வந்ததும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை ஆக்கிரமித்துக்கொண்டேன்.

வேலை இதுதான். சேவல் மிச்சம் வைத்த பழைய காகிதத்தைச் சுருளின் கழுத்துவரை வெட்டி எடுக்க வேண்டும். டிவி ஸ்பீக்கரின் கூம்பைக் கிழியாமல் உரித்து, நடுவில் சரியாக வட்டம் வெட்டி, பழைய சுருளின் கழுத்தில் உட்கார வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டுகிறபோது சுருள் நட்டநடுவில் நிற்க வேண்டும். அதற்குச் சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையில் வழவழப்பான மெல்லிய பட்டைகளைச் சுற்றிலும் செருகி வைப்பார்கள். பசை காய்ந்ததும் பட்டைகளை உருவிவிடலாம். அந்தப் பட்டைக்கு எக்ஸ்ரே ஃபிலிமைவிடச் சிறந்தது எதுவும் கிடையாது.

எக்ஸ்ரே என்றால் யார் வீடு? அடுத்த தெருவில் இருக்கிற நீதிபதி வீட்டுக்கே போனேன்.

"அத்தை, பழைய எக்ஸ்ரே ஏதாச்சும் இருக்கா?"

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஸ்பீக்கருக்கு."

அத்தை பீரோவைத் திறந்தார். ஃபிலிம்களை மேலே தூக்கிப்பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "என் முட்டிது ரெண்டு இருக்கு. இடது இன்னும் வலிக்குது, டாக்டர் கேப்பாரு. வலது சரியாப் போச்சு. அதை வெட்டிக்கோ."

வீட்டுக்கு வந்து அத்தையின் வலது முட்டியை நீள நீளமான பட்டைகளாக வெட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த நைனா கேட்டார். "எங்கக்கா எல்லாத்துலயும் மூக்கைத்தான் நுழைப்பா. இப்ப முட்டியுமா?"

"நைனா, சிரிக்க வைக்காதீங்க. கை ஆடுது."

"நான் எங்க சிரிக்க வெச்சேன்? உள்ளதைச் சொன்னேன்."

பசை வைத்து, கூம்பை இறக்கி, அதன் விளிம்பின்மேல் வேதாகமத்தை வைக்கலாமா என்று யோசித்து, பயந்து, கல்லூரிப் பாடப்புத்தகத்தை வைத்தேன். அது கனத்துக்கு மட்டும் எப்போதுமே உதவியாக இருந்திருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினேன். கூம்பை இரண்டு கட்டை விரலாலும் மெதுவாக அழுத்தினேன். போய் வந்தது. உரசல் இல்லை. ஃபோனை ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் கோத்து, அதை ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன். என் அலாரம் பாட்டு அடித்தது. தினமும் காலையில் நான் வெறுக்கிற அதே அலாரம். அன்றைக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. நைனா வேர்க்கடலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்.

சளி பிடித்த ரேடியோ

ஞாயிறு. பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்காதீர்கள்.

அத்தை வீட்டு வாசலில் கிதியின் கார் ஏற்கெனவே பின்கதவு திறந்து நின்றது. உள்ளே ஒரு அட்டைப்பெட்டி. அதில் இரண்டு கார் ஸ்பீக்கர்கள், ப்ளூடூத் போர்டு, புத்தம் புது ஸ்க்ரூடிரைவர் செட்.

"ஜெயிச்ச மாதிரியே வந்திருக்க?"

"சும்மாத்தான். வர்ற வழியில இருந்துச்சு, எடுத்துக்கினு வந்தேன்."

அடுக்களையில் மட்டன் பிரியாணி வாசனை. நைனா, அத்தை, கிதி மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் ஸ்பீக்கரை முன்பலகையில் வைத்து நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டேன். பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். எதையும் அரைகுறையாக முறுக்குகிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு ஒயரைப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

வால்வுகள் சிவந்தன. தூசி கருகுகிற மெல்லிய வாசம் வந்தது. பச்சைக் கண் மெதுவாக விழித்தது. அத்தை முன்னால் குனிந்தார். நான் குமிழைத் திருப்பினேன்.

குரல் வந்தது!

வந்தது. ஆனால் தகரத்தில் மணலைப் போட்டுத் தேய்க்கிற மாதிரி வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கரகரப்பு. ஆணா பெண்ணா, தமிழா தெலுங்கா, ஒன்றும் விளங்கவில்லை.

"பேசுது அத்தை," என்றேன்.

"பேசுதா?" என்றான் கிதி. "இருமுது."

"சளி புடிச்சிருக்குடி இதுக்கு," என்றார் அத்தை. "ஒரே ஒரு வார்த்தை புரியட்டும், ஒத்துக்கறேன்."

அணைத்தேன். ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் எடுத்துக் கூம்பை அழுத்தினேன். உரசவில்லை. கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயரில் ஃபோனை மாட்டினேன். கண்ணாடி மாதிரி அலாரம். திரும்பப் பெட்டியில் வைத்தேன். ஒருவேளை சரியாக முறுக்கவில்லையோ என்று இந்த முறை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். சுவிட்ச். கரகரப்பு முன்னைவிட மோசமாக இருந்தது.

மறுபடி கழற்றினேன். ஒயரை மாற்றிப் பற்றவைத்தேன். வால்வுகளைத் துடைத்துச் செருகினேன். ஸ்பீக்கரை மாட்டி முறுக்கினேன். அதே கரகரப்பு. வியர்வை கண்ணில் இறங்கியது. எனக்குப் பின்னால் நைனாவின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது. அது மட்டும் தெளிவாக இருந்தது.

"எப்சி," என்றார் அத்தை. முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சோறு ஆறுதுமா."

நாலு வருஷம் படித்த படிப்பில் இதற்கு ஒரு பதிலும் இல்லை. கையில் நன்றாக இருக்கிறது, பெட்டியில் இருமுகிறது. நான் எழுந்தேன்.

"எடுத்துக்கோடா," என்றேன். கை கழுவக் கொல்லைப்பக்கக் குழாய்க்குப் போனேன். அவன் கழற்றுவதை நான் பார்க்கப் போவதில்லை. மெழுகு ஊற்றிய அந்தச் சுருள்கள் எல்லாம் பழைய இரும்புக்கடைத் தராசில் விழப் போகின்றன. சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நுரை முழங்கைவரை வந்தது. உள்ளே கரகரப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவசரக்காரன், சுவிட்சை அணைக்காமலே கையை விட்டிருக்கிறான்.

"டேய் கிதி, கரண்ட்டுடா! அணைச்சுட்டுத் தொடு!"

"ஸ்க்ரூவைத்தானே தொடறேன்! ஒண்ணு கழட்டிட்டேன், இனிமே..."

அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"மாமிடி ரைத்து சோதருலாரா," என்றது ஒரு குரல்.

மாம்பழ விவசாயச் சகோதரர்களை அழைக்கிற ஒரு ஆண் குரல். மெத்தென்று, அகலமாக, ஒரு துளி கரகரப்பில்லாமல், யாரோ அத்தை வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது மாதிரி. நான் நுரைக்கையோடு ஓடினேன்.

கிதி ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரும் மறு உள்ளங்கையில் ஒற்றை ஸ்க்ரூவுமாகச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பெட்டியின் முன்பலகை எந்த மழையில் நனைந்ததோ, ஸ்க்ரூ கழன்ற அந்த ஒரு மூலை உப்பி வளைந்திருந்தது. நான் நாலு ஸ்க்ரூவையும் இறுக்க இறுக்க, வளைந்த பலகையோடு ஸ்பீக்கரின் சட்டமும் முறுக்கிக்கொண்டு, நடுவில் நின்ற சுருள் ஓரத்தில் போய் உரசியிருக்கிறது. நான் முறுக்கியதுதான் சளி. அவன் கழற்றியதுதான் மருந்து.

எனக்கு விளங்கிய அதே நேரத்தில் அவனுக்கும் விளங்கியது. திருட்டு முழியோடு அந்த ஸ்க்ரூவைத் திரும்ப அந்த ஓட்டையில் வைத்துத் திருகப் பார்த்தான்! குரல் லேசாகக் கம்ம ஆரம்பித்தது.

"டேய்!" வார்டு குரல். எதிர்வீட்டில் ஏதோ கீழே விழுந்தது. "எட்றா கையை."

"அம்மா, நான் சும்மா..."

"எட்றா. அந்தாளு இன்னா சொல்றாருன்னு கேக்கணும்."

தோதாபுரி மாமரங்களுக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றி அந்தாளு சொல்லிக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவருக்கும் ஒரு மாமரம்கூடக் கிடையாது. நாலு பேரும் நின்றபடி, எப்போது விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், வேரிலிருந்து எவ்வளவு தள்ளி விட வேண்டும் என்பது வரைக்கும் முழுக்கக் கேட்டோம். என் முழங்கையிலிருந்து நுரை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நைனா பசியை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுதா அத்தை?" என்றேன். என் குரல்தான் இப்போது கரகரத்தது.

"ஒவ்வொரு வார்த்தையும்," என்றார் அத்தை.

"அப்ப என் கடைக்கு?" என்றான் கிதி.

"ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கினு போ. அதுவும் பார்க்க லட்சணமாத்தான் இருக்கு."

பிறகு மகனின் கையிலிருந்து அந்த ஸ்க்ரூவை வாங்கினார். கோயிலுக்குக் கொண்டுபோன கைப்பையைத் திறந்து அதற்குள் போட்டார். இனி அவனும் முறுக்க முடியாது, நானும் முறுக்க முடியாது. கைப்பை டக்கென்று மூடிக்கொண்டது.

"அது பேசட்டும்," என்றார். "நாம துன்னலாம் வாங்க."